பெரிய கிட்டு, சின்ன கிட்டு

முப்பத்திரண்டு வருஷம் வங்கியில் நான் பார்த்த வேலையில் முக்கால்வாசி ஒரே காரியம்தான். காசோலையில் போட்ட கையெழுத்தும் மாதிரி அட்டையில் இருக்கிற கையெழுத்தும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. ஒரு சுழி கொஞ்சம் சரிந்திருந்தால்கூடத் திருப்பி அனுப்பிவிடுவேன். வாடிக்கையாளர்கள் என்னைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது எனக்கும் தெரியும். அப்பேர்ப்பட்ட நான் சென்ற மாதம் இரண்டு ரேம் பாக்கெட்டுகளின் மேல் 3200 என்று ஒரே எண் அச்சடித்திருப்பதைப் பார்த்து, இரண்டும் ஒன்றுதான் என்று முடிவுகட்டிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீட்டுக் கணினி 2020 ஊரடங்கில் பிறந்தது. மகன் அப்போது கல்லூரி மூன்றாம் வருஷம். வீட்டில் அடைபட்டுக் கிடந்தவன் பாகம் பாகமாக வரவழைத்து, கூடத்துத் தரையில் போர்வை விரித்து, இரண்டு நாளில் பூட்டி முடித்தான். ரைசன் ப்ராசஸர், நாலு ரேம் ஸ்லாட் உள்ள போர்டு, ஒரே பாக்கெட்டில் ஜோடியாக வந்த இரண்டு 8 ஜிபி ரேம். “ரெண்டு ஸ்லாட் காலியா இருக்கேடா?” என்று கேட்டேன். “பின்னாடி தேவைப்பட்டா பாத்துக்கலாம்பா” என்றான். அந்தப் ‘பின்னாடி’ என் மண்டைக்குள் ஐந்து வருஷம் உட்கார்ந்திருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் எங்கள் தலைமுறைக்குத் தாங்காது. பரண், மாடிப்படிக்குக் கீழே, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே என்று எங்கேயும் எதையாவது செருகினால்தான் தூக்கம் வரும்.

மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். இப்போது மாலையில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு. நடத்திய பாடத்தை வெட்டி ஒட்டி வீடியோவாகவும் ஆக்குகிறாள். வகுப்புக்கு ஒரு சாஃப்ட்வேர், திரையைப் பதிவு செய்ய ஒன்று, வெட்டி ஒட்ட ஒன்று, இதற்கு மேல் குரோமில் நாற்பது டேப். அந்த நாற்பதில் முப்பத்தைந்து என்னுடையவை என்பது பிற்பாடு தெரியவந்தது. இப்போதைக்கு அதை விடுங்கள்.

“ஏங்க, இது சுத்திக்கிட்டே இருக்கு.”

டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். மெமரி 94 சதவீதம். ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து கழற்றும் டாக்டர் தோரணையில் “ரேம் பத்தலை” என்றேன். இந்த வருஷம் நான் சொல்லி வீட்டில் எல்லோரும் ஒத்துக்கொண்ட ஒரே விஷயம் அதுதான்.

புனேயில் வேலை பார்க்கும் மகனுக்குப் போன் போட்டேன். அவன் சொன்னது நாலே வாக்கியம். “ரெண்டு 16 ஜிபி வாங்குங்கப்பா. ஒரே கிட்டா வாங்குங்க. பழசக் கழட்டி எடுத்து வச்சிடுங்க. கலக்காதீங்க.” நானும் “சரிப்பா, சரிப்பா” என்று சொல்லிவிட்டு விலையைப் பார்த்தேன். பார்த்ததும் கடைசி இரண்டு வாக்கியங்கள் காதில் விழாத மாதிரி ஆகிவிட்டன.

ரேம் விலை அப்படி ஏறிக் கிடக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கு அடுக்கடுக்காக மெமரி தேவைப்படுகிறது. சிப் செய்கிறவர்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். 2025 டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, வீட்டு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்த க்ரூஷியல் என்ற தன் பிராண்டையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. இத்தனை வருஷம் வீட்டுக்கு வீடு பால் ஊற்றியவர், இனி மொத்தமும் ஸ்வீட் ஸ்டாலுக்குத்தான் என்று கேனைத் தூக்கிக்கொண்டு போன மாதிரி. உலகத்தில் எங்கேயோ யாரோ ஒரு இயந்திரத்திடம் கவிதை எழுதச் சொல்கிறார்கள். அதற்கு மடிப்பாக்கத்தில் நான் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது.

எனவே வங்கிக்காரன் மூளை வேலை செய்தது. ஏற்கெனவே 16 இருக்கிறது. காலியாக இரண்டு ஸ்லாட் இருக்கிறது. இன்னொரு 16 வாங்கிச் செருகினால் 32. பாதிச் செலவு, அதே கூட்டுத்தொகை. இதில் கலக்காதே என்பதற்கு என்ன இருக்கிறது? இட்லி மாவா, பழசில் புதுசை விட்டால் புளித்துப்போக?

ஆலந்தூரில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கினால் ரிச்சி தெரு நடக்கிற தூரம்தான். பல காலமாகச் சென்னைக்காரன் மின்சாமான் வாங்குகிற இடம். தெருமுனையில் கால் வைத்ததுமே “சிசிடிவியா சார், லேப்டாப் சர்வீஸா சார், டோனரா சார்” என்று நாலு பக்கமும் குரல். எனக்கு அந்தத் தெருவோடு ஒரு பழைய கணக்கு உண்டு. முன்னொரு தடவை பழைய கணினிக்கு ரேம் வேண்டும் என்று போய், ஸ்லாட்டின் நீளத்தை நூலால் அளந்து கொண்டுபோய்க் காட்டினேன். நீளம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் டிடிஆர்3-க்கு 240 பின், டிடிஆர்4-க்கு 288 பின், நடுவில் இருக்கிற வெட்டும் வேறு வேறு இடத்தில். தப்பானதைச் செருகவே முடியாதபடி செய்து வைத்திருக்கிறார்கள். அது எவ்வளவு பெரிய கருணை என்று இப்போதுதான் புரிகிறது. எனக்கு இந்தத் தடவை வந்த ஆபத்து, செருகினால் உட்கார்ந்துகொள்கிற ஜாதி.

கடைத் தம்பிக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல் இராது. காதில் போனைச் செருகிக்கொண்டே கேட்டான்.

“எந்த டிடிஆர் சார்?”

“நாலு.”

“ஸ்பீடு?”

“3200.” படித்துவிட்டுத்தானே போயிருக்கிறேன்.

“ஏற்கெனவே உள்ள என்ன இருக்கு சார்? எந்த பிராண்டு? சிஎல் எத்தனை?”

“அதெல்லாம் இருக்கட்டும் தம்பி. 3200 இருக்கா, இல்லையா?”

அவன் போனில் இருந்தவரிடம் “ஒரு நிமிஷம்ணே” என்று சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான். என் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்களை எத்தனையோ தடவை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, வேறொரு கம்பெனியின் 8 ஜிபி இரண்டை எடுத்து வைத்தான். 3200 என்று ஸ்டிக்கர் இருந்தது. “சீல் பிரிச்சா ரிட்டன் கிடையாது சார்” என்றான். நியாயமான கடை. நியாயமான பையன். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான். நான்தான் வாயை மூடச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்து பாக்கெட்டைப் பிரித்ததும் அம்மா கையில் வாங்கிப் பார்த்தாள். எண்பத்திரண்டு வயசு. “தங்கப் பல்லு வச்ச சீப்பாட்டம் இருக்கே” என்றாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்குச் சீப்பு என்றுதான் பேர்.

கேபினெட்டைத் திறந்தேன். மனைவி அந்த முழுப் பெட்டியையும் ‘சிபியு’ என்பாள். நானும் திருத்துவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. உள்ளே ஐந்து வருஷத் தூசு, ஒரு பல்லி முட்டை ஓடு. பழைய சீப்புகள் இரண்டும் அடுத்தடுத்து இல்லாமல் ஒன்றுவிட்டு ஒன்றாக, இரண்டாவதிலும் நாலாவதிலும் உட்கார்ந்திருந்தன. மகன் அவசரத்தில் தப்பாகப் போட்டிருக்கிறான் என்று நினைத்து, பழைய ஜோடியைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, புது ஜோடியை அதற்கு அடுத்து வைத்தேன். ஜோடி என்றால் சேர்ந்துதானே உட்கார வேண்டும்?

கூடாதாம். போர்டில் மெமரிக்கு இரண்டு பாதை இருக்கிறது. முதல் இரண்டு ஸ்லாட் ஒரு பாதை, அடுத்த இரண்டும் இன்னொரு பாதை. ஜோடியில் ஒன்று இந்தப் பாதையிலும் மற்றது அந்தப் பாதையிலும் இருந்தால்தான் இரண்டும் ஒரே சமயத்தில் சுமை தூக்கும். ரயிலில் புருஷனுக்கு 23, பெண்டாட்டிக்கு 41 என்று சீட்டுப் போடுவதை இத்தனை காலம் ரயில்வேயின் கொடூரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இது தெரிந்தது பிற்பாடு. அதற்கு முன்னால், பொத்தானை அழுத்தினேன். ஃபேன் சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. போர்டின் ஓரத்தில் டிராம் என்று எழுதிய இடத்தில் ஒரு மஞ்சள் விளக்கு. திரையில் ஒன்றுமில்லை. வயிற்றில் ஏதோ கரைந்தது. மனைவிக்கு ஆறு மணிக்கு வகுப்பு. அப்போது மணி நாலே முக்கால்.

மகனைக் கூப்பிடுவதற்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. பேத்தி விட்டுப்போன பென்சில் ரப்பரை எடுத்தேன். தங்கப் பல்லின் மேல் மெதுவாகத் தேய்த்துத் துடைப்பது இந்த நாட்டு வைத்தியம். ரிச்சி தெருவில் எந்த மேஜையிலும் ஒரு ரப்பர் கிடக்கும். தேய்த்தேன். ஊதினேன். ஊதக் கூடாது, எச்சில் தெறிக்கும் என்று மனைவி சொன்னாள். கணக்கு டீச்சருக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது? திரும்பச் செருகி, இந்தத் தடவை இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினேன். போர்டு வளைந்தது. நெஞ்சு நின்றது. ‘டக்’ என்று கொக்கி ஏறி விழுந்தது. முதல் தடவை அந்த ‘டக்’ வரவேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புது சீப்பு ஒன்று பாதிதான் உள்ளே போயிருந்தது. ரப்பருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை.

கணினி எழுந்தது. 32 ஜிபி. மனைவி வகுப்பெடுத்தாள். ஒன்றும் சுற்றவில்லை. “நல்லா ஓடுதுங்க” என்றாள்.

ஒரு மனிதன் இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை. நான் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, வேகம் என்ற இடத்தைப் பார்த்தேன். 2400.

மூவாயிரத்து இருநூறு, மூவாயிரத்து இருநூறு என்று இரண்டு பாக்கெட்டிலும் எழுதியிருக்கிறது. காசு கொடுத்து வாங்கிச் செருகியதற்கு, முன்பு 3200-ல் ஓடிக்கொண்டிருந்த வண்டி 2400-ல் ஓடுகிறது. வட்டிக்கு விட்ட பணம் அசலில் குறைந்து திரும்பி வந்தால் ஒரு வங்கிக்காரன் சும்மா இருப்பானா? இரவு பதினோரு மணிக்கு பயாஸுக்குள் போனேன். எக்ஸ்எம்பி என்று ஒரு பொத்தான் இருந்தது. அழுத்தினேன். மூன்று தடவை அணைந்து எரிந்து, எழுந்தது. 3200. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு படுக்கப் போனேன்.

மறுநாள் மாலை. மனைவி முக்கோணவியலில், ‘காஸ் தீட்டாவை மேலேயும் கீழேயும் பெருக்கினா’ என்று சொல்லிக்கொண்டிருந்தாள். திரை நீலமாகியது. ஒரு சோக முகம், கீழே மெமரி மேனேஜ்மென்ட் என்று ஒரு வரி. இருபத்து மூன்று பிள்ளைகளும் அவளுடைய போனுக்கு “மிஸ், உங்க நெட் போயிடுச்சா?” என்று அனுப்பின. ஒரு பையன் மட்டும் “மிஸ், ஆன்ஸர் டான் தீட்டாவா?” என்று கேட்டிருந்தான். அவன் முன்னுக்கு வருவான்.

அடுத்த இரண்டு நாளில் நாலு நீலத் திரை. நீலம் தெரிந்தாலாவது தேவலை; தெரியாமல் நடந்ததுதான் பயங்கரம். அவள் வெட்டி ஒட்டிச் சேமித்த வீடியோவில், பிதாகரஸ் தேற்றத்தின் நடுவே பச்சைப் பட்டை பட்டையாக வந்தது. ரேம் தப்பாக நினைவு வைத்துக்கொண்டால் கணினி அதைச் சரி என்று நம்பி வட்டில் எழுதிவிடும். போலிக் கையெழுத்தை நான் பாஸ் பண்ணின மாதிரி.

மெம்டெஸ்ட்86 என்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்தே கணினியைக் கிளப்பினால், ரேமில் ஒவ்வொரு இடத்திலும் எதையாவது எழுதி, திரும்பப் படித்து, ஒப்பிட்டுப் பார்க்கும். கையெழுத்துச் சரிபார்ப்புத்தான். ஆனால் 8 ஜிபி சீப்பு ஒன்றில் மட்டும் 6,871 கோடிச் சின்னஞ்சிறு அறைகள். அப்படி நாலு சீப்பு. என் முப்பத்திரண்டு வருஷச் சர்வீஸை அது கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். இருந்தும் இரவு முழுக்க ஓடியது. மூன்று மணிக்கு எழுந்து வந்து பார்த்தேன். சிவப்பு வரிகள். எழுதியது ஒன்று, படித்தது ஒன்று. நீளமான எண்ணில் ஒரே ஒரு இலக்கம் பிசகியிருந்தது.

அந்த மூன்று மணிக்குத்தான் ரேமைப் பற்றி ஒன்று படித்தேன். ஒவ்வொரு அறையிலும் இருப்பது ஒரு சொட்டு மின்சாரம். அது ஒழுகிக்கொண்டே இருக்கும். அதனால் 64 மில்லி செகண்டுக்குள் ஒரு தடவையாவது ஒவ்வொரு அறையையும் தொட்டு, ‘உன்னிடம் இருந்தது இது, மறக்காதே’ என்று சொல்ல வேண்டும். நொடிக்குப் பதினைந்து தடவைக்கு மேல். ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்த இந்த அறையைக் கண்டுபிடித்து 1968-ல் காப்புரிமை வாங்கியவர் ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டென்னார்ட். மறதியை வைத்துக்கொண்டே ஞாபகத்தைக் கட்டியிருக்கிறார். கேஸ் புக் பண்ணியாச்சா, கேஸ் புக் பண்ணியாச்சா என்று என் மனைவி என்னைக் கேட்பதும் இதே தொழில்நுட்பம்தான். என் விஷயத்தில் இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்பது அவள் கருத்து.

பழைய ஜோடியை மட்டும் வைத்துச் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. புது ஜோடியை மட்டும் வைத்துச் சோதித்தேன். ஒரு பிழை இல்லை. நாலையும் சேர்த்து எக்ஸ்எம்பியைப் போட்டால் சிவப்பு. காலையில் காபி குடித்துக்கொண்டே மனைவியிடம் புலம்பினேன். “தனித்தனியா ரெண்டும் தங்கம். ஒண்ணாப் போட்டா ரெண்டு கிட்டும் ஒத்துப்போகலை.”

பூஜை அறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“எந்தக் கிட்டுடா? நம்ம பெரிய கிட்டுவா?”

எங்கள் குடும்பத்தில் இரண்டு கிட்டு. ஒரே தாத்தாவின் பேரை இரண்டு பேரன்களுக்கு வைத்ததால் வந்தது. ரேஷன் கார்டில் இரண்டு பேரும் கிருஷ்ணமூர்த்தி. இதைக் கம்ப்யூட்டர் விஷயம் என்று அம்மாவுக்கு விளக்குவதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“அவன் நாலு மணிக்கு எழுந்து பச்சத் தண்ணில குளிச்சுட்டு நிப்பான். சின்னவன் எட்டு மணிக்குக் காபி வந்தாத்தான் கண்ணையே தொறப்பான். ரெண்டு பேரும் நல்லவனுங்கதான். உன் கல்யாணத்துல கும்மோணம் சத்திரத்துல ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல போட்டார் உங்கப்பா. பேரு ஒண்ணுதானேன்னு. முகூர்த்தத்துக்கு ரெண்டு பேரும் வரலை. ஒருத்தன் கோவிச்சுண்டு வரலை, ஒருத்தன் தூங்கிண்டு வரலை.”

நான் காபி டம்ளரைக் கீழே வைத்தேன். அன்றைக்கு மாலை மகன் போனில் அரைமணி நேரம் எனக்கு விளக்கியது முழுக்க அதுதான். எண்கள் மட்டும் கூடுதல்.

ஒவ்வொரு சீப்பிலும் ஒரு குட்டிச் சிப் இருக்கிறது. நான் இன்ன வேகம், எனக்கு இன்ன வோல்ட் வேண்டும், கேட்டால் இத்தனை துடிப்புக் கழித்துத்தான் பதில் சொல்வேன் என்ற ஜாதகம் அதில் எழுதியிருக்கும். கடைத் தம்பி கேட்ட சிஎல் அந்தக் கடைசி விஷயம். என் பழைய ஜோடிக்குச் சிஎல் 16. புது ஜோடிக்கு 22. 3200 வேகத்தில் ஒரு துடிப்பு 0.625 நானோ செகண்ட். பழசு கேட்ட 10 நானோ செகண்டில் எடுத்து நீட்டும், புதுசுக்கு 13.75 ஆகும். இரண்டும் 3200-தான், இரண்டும் கிருஷ்ணமூர்த்திதான்.

வோல்ட்டிலும் வித்தியாசம். பழசின் இயல்பான வேகம் 2400, 1.35 வோல்ட் கொடுத்து உசுப்பினால்தான் 3200 ஓடும். அப்படி உசுப்புகிற ஏற்பாட்டுக்குப் பேர்தான் எக்ஸ்எம்பி. இன்டெல் கம்பெனி 2007-ல் கொண்டுவந்தது. இப்போது பெரும்பாலான போர்டுகளில் ஏதாவது ஒரு பேரில் இருக்கிறது. புதுசோ 1.2 வோல்ட்டில், யார் உசுப்பலும் இல்லாமல், தன்பாட்டுக்கு 3200 நடக்கும் சாது. நான் ஒன்றும் செய்யாமல் விட்டபோது போர்டு இரண்டு ஜாதகத்தையும் பார்த்து, இருவருக்கும் முடிகிற 2400-ல் வண்டியை விட்டது. கிழவியோடு கோயிலுக்குப் போனால் குடும்பமே கிழவி நடையில்தான் நடக்கும். யாரும் தொலைய மாட்டார்கள். நான் எக்ஸ்எம்பியை அழுத்தியபோது பழசின் 16-ஐ எடுத்துப் புதுசின் தலையிலும் வைத்துவிட்டது. எட்டு மணிக் கிட்டுவை நாலு மணிக்கு எழுப்பிப் பச்சைத் தண்ணீரை ஊற்றினேன்.

“அப்ப அதே கம்பெனியில அதே மாடலை வாங்கியிருந்தா?” என்று கேட்டேன்.

“பெரும்பாலும் ஓடும்பா. ஆனா அதுவும் நிச்சயமில்லை.”

காரணம் சொன்னான். பாக்கெட்டில் பேர் போட்டு விற்கிற கம்பெனிகளில் பெரும்பாலானவை உள்ளே இருக்கும் கறுப்புச் சிப்பைச் செய்வதில்லை. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்று மூன்று பேரிடமிருந்துதான் முக்காலும் வருகிறது. இந்த வருஷம் ஒருவரிடம் வாங்குவார்கள், அடுத்த வருஷம் இன்னொருவரிடம். மாடல் எண் மாறாது. மிளகாய்ப் பொடிப் பாக்கெட் மாதிரி. மேலே அதே லட்சுமி படம், உள்ளே ஒரு தடவை குண்டூர், ஒரு தடவை ராமநாதபுரம் முண்டு. கிட் என்று சேர்த்து விற்பதற்கு அர்த்தமே, இவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்த்தோம், இந்த வேகத்தில் ஓடின என்று கம்பெனி கொடுக்கிற உறுதிதான். பக்கத்தில் மூன்றாமவன் வந்து உட்கார்ந்தால் அந்த உறுதி செல்லாது.

“அதுவும் போக, நாலு போட்டாலே ப்ராசஸருக்குச் சுமைப்பா. உங்க ரைசனுக்கு ரெண்டு ஸ்டிக்குன்னா 3200 வரைக்கும். நாலு போட்டா 2933, சில வகைக்கு 2667 வரைக்கும்தான் கம்பெனியே பொறுப்பு.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதாடா?”

“கலக்காதீங்கன்னு சொன்னேனேப்பா.”

சொன்னான். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட மாதிரி ஞாபகம் இருக்கிறது.

அவன் போனில் சொல்லச் சொல்ல நான் பயாஸில் எண்களைத் தட்டினேன். எக்ஸ்எம்பியை அணைத்தேன். வேகம் 2666. சிஎல் 20. வோல்ட் எல்லோருக்கும் 1.35; நாலுக்கும் ஒரே குழாய்தான், ஆளுக்கொரு டம்ளர் கிடையாது. பழைய ஜோடியை இரண்டிலும் நாலிலும், புது ஜோடியை ஒன்றிலும் மூன்றிலும் மாற்றி வைத்தேன். நாலு தடவையும் ‘டக்’ கேட்டது. அந்த இரவும் மெம்டெஸ்ட் ஓடியது. காலை நாலு மணிக்கு, பெரிய கிட்டு எழுந்திருக்கிற நேரத்துக்கு, நான் எழுந்து பார்த்தேன். பிழை பூஜ்யம்.

கணக்கைச் சொல்லிவிடுகிறேன். முன்பு 10 நானோ செகண்டில் வந்த பதில் இப்போது 15-ல் வருகிறது. அதாவது காசு செலவழித்து, மூன்று ராத்திரி கண் விழித்து, ரேமை மெதுவாக்கியிருக்கிறேன். இதை மனைவியிடம் ஒரு குற்றவாளியைப் போல ஒப்புக்கொண்டேன். அவள் முக்கோணவியல் வீடியோவை வெட்டிக்கொண்டிருந்தாள். “முன்ன விட வேகமாத்தானே இருக்கு?” என்றாள். அவளுக்கு உண்மையிலேயே அப்படித்தான். 16 ஜிபி நிரம்பி வழிந்து வட்டில் போய் முட்டிக்கொண்டிருந்த வேலை இப்போது 32-க்குள் அடங்குகிறது. ஐந்து நானோ செகண்ட் தாமதம் கணக்கு டீச்சரின் கண்ணுக்கே தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். தினமும் ஒரு தடவை டாஸ்க் மேனேஜரைத் திறந்து அந்த 2666-ஐப் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் படிக்கிறேன்.

டேப் விஷயத்தையும் சொல்ல வேண்டும். ரேம் வாங்குவதற்காக நான் திறந்துவைத்த பக்கங்கள், விலை ஒப்பீடு, வீடியோக்கள், எல்லாம் சேர்த்து முப்பத்தைந்து. கணக்குத் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக மூடினேன். மெமரி உபயோகம் கண்ணெதிரில் நாலு ஜிபி இறங்கியது. இதை மனைவியிடம் சொல்லவில்லை. இந்தக் கட்டுரை அச்சில் வந்தால் அவள் படிக்காமல் இருக்க வேண்டும்.

“கிட்டு ரெண்டு பேரும் எப்படிடா இருக்கா?” என்று அம்மா நேற்றுக் கேட்டாள். எந்தக் கிட்டுவைக் கேட்கிறாள் என்று நான் விசாரிக்கவில்லை. “ஒரே ரூம்ல இருக்காம்மா. சண்டை இல்லை” என்றேன்.

மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறேன்: 2666, 20, 1.35, எக்ஸ்எம்பி தொடாதே. அதன் கீழே மிச்சமிருந்த இடத்தில் மனைவி இந்த மாதப் பால் கணக்கு எழுதியிருக்கிறாள்.